சொரியாசிஸ் நோயாளிகளுக்காகப் பேச விரும்பும் தம்பிக்கு

கேள்வி சுருக்கமாக இது. சிங்கப்பூரில், ஈசூனில் வசிக்கும் 29 வயது இளைஞர். பள்ளி நாள்களில் தொடங்கிய சொரியாசிஸ் என்ற தோல் நோய், இப்போது ஊசி மருந்தால் அடங்கியிருக்கிறது. தனக்குக் கிடைத்த நிம்மதி மற்றவர்களுக்கும் கிடைக்க வேண்டும், அதற்காக ‘பேஷண்ட் அட்வகேட்’, அதாவது நோயாளிகளுக்காகக் குரல் கொடுப்பவர், ஆகலாம் என்று பார்க்கிறார். அதற்கு ஏதாவது படிப்பு உண்டா, சம்பளம் உண்டா, எங்கே தொடங்குவது, முகத்தைக் காட்டியே ஆக வேண்டுமா என்று கேட்கிறார். தங்கைக்கு இன்னும் வரன் அமையாததால் அம்மா ஒரேயடியாக வேண்டாம் என்கிறாராம்.

நானும் இதே நோயோடு நெடுநாளாக வாழ்பவன். தமிழ் பேசும் நோயாளிகளுக்குத் துணையாக மருத்துவரைப் பார்க்கப் போய்வருவது என் வழக்கம். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடலாம். பட்டம் தேவையில்லை. சம்பளம் பெரும்பாலும் கிடையாது. சில கூட்டங்களுக்குப் போக்குவரத்துச் செலவு கொடுப்பார்கள், அவ்வளவுதான். எனவே இருக்கிற வேலையை விட்டுவிடாதீர்கள். முகத்தைக் காட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை. அதைப் பற்றிப் பின்னால் பேசுகிறேன், உங்கள் அம்மாவின் கவலை லேசான விஷயம் இல்லை.

இந்த வேலை என்றாலே மேடையில் நின்று தன் கதையைச் சொல்வது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அக்டோபர் 29 உலக சொரியாசிஸ் தினம். அன்று ஒரு பேட்டி, ஒரு புகைப்படம், நான்கு பேர் பாராட்டு. தவறில்லை, அதைக் கேட்டு ஒளிந்திருந்த ஒருவர் வெளியே வரலாம். ஆனால் அது வேலையில் சிறு பகுதி. நோயாளியின் வாழ்க்கையை மாற்றும் முடிவுகள் எங்கே எடுக்கப்படுகின்றன என்று தெரிந்துகொண்டு, அங்கே மற்றவர்களின் அனுபவத்தைச் சரியான வடிவத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பெரிய பகுதி. அந்த இடம் சில நேரம் அமைச்சு. பல நேரம் மருத்துவரின் அறைக்குள் கிடைக்கும் சில நிமிடங்கள். அந்த அறையிலிருந்தே தொடங்குங்கள்.

நம் ஆட்கள், குறிப்பாக வயதானவர்கள், மருத்துவர் “எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்டால் “பரவாயில்லை டாக்டர்” என்றுதான் சொல்வார்கள். வீட்டில் படுக்கை விரிப்பெல்லாம் செதில், இரவெல்லாம் சொறிந்து தூக்கம் இல்லை, கோயிலுக்குப் போவதை நிறுத்தி மாதங்கள் ஆகியிருக்கும். ஆனால் பதில் ‘பரவாயில்லை’. மருத்துவர் அதை நம்பி அதே களிம்பை எழுதிக் கொடுப்பார். அவர்மேல் தவறு சொல்லவும் முடியாது.

தோல் மருத்துவத்தில் நோயின் அளவைக் கணக்கிட இரண்டு மூன்று வழிகள் உண்டு. உடலில் எவ்வளவு பரப்பு என்பது ஒன்று. நோயாளியின் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த பரப்பு ஏறத்தாழ 1 விழுக்காடு என்று வைத்துக்கொள்வார்கள். இன்னொன்று, தோல் நோய் அன்றாட வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று அளக்கும் டிஎல்கியூஐ என்ற வினாத்தாள். 1994இல் பிரிட்டனில் வெளியானது, 10 கேள்விகள், 0 முதல் 30 வரை மதிப்பெண். கடந்த ஒரு வாரத்தில் அரிப்பு எப்படி, வெட்கப்பட்டீர்களா, உடை தேர்ந்தெடுப்பதில் பாதிப்பு உண்டா, வேலைக்குப் போக முடிந்ததா என்று போகும். மதிப்பெண் 10ஐத் தாண்டினால் நோய் வாழ்க்கையைப் பெரிதும் பாதிக்கிறது என்று பொருள். களிம்பிலிருந்து ஒளிச்சிகிச்சைக்கோ மாத்திரைக்கோ ஊசிக்கோ போகலாமா என்று முடிவு செய்யும்போது இந்த எண்களும் பார்க்கப்படும். ஆக, நோயாளி கூச்சத்தில் எல்லாவற்றுக்கும் ‘கொஞ்சம்’ என்று குறித்தால், அவருக்குக் கிடைக்கக்கூடிய சிகிச்சை தள்ளிப்போகலாம்.

அந்த வினாத்தாளில் ஒன்பதாவது கேள்வி தாம்பத்திய உறவு பற்றியது. அம்மாவுக்கு மகள் மொழிபெயர்க்கிறாள், அல்லது அப்பாவுக்கு மகன். அந்தக் கேள்வி வந்ததும் இருவரும் சுவரைப் பார்ப்பார்கள். ‘பொருந்தாது’ என்று குறித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பிறப்புறுப்புப் பகுதியில் சொரியாசிஸ் வருவது அபூர்வமில்லை. கேட்காவிட்டால் சொல்லமாட்டார்கள், சொல்லாவிட்டால் அந்த இடத்துக்கு ஏற்ற மென்மையான மருந்தும் கிடைக்காது. வெளியாள் ஒருவர், அதே நோய் உள்ளவர், ஆணுக்கு ஆணாகவோ பெண்ணுக்குப் பெண்ணாகவோ, முதல் நாள் தொலைபேசியில் பேசி வைத்தால் இந்த முடிச்சு அவிழ்ந்துவிடும். என்னைக் கேட்டால் நீங்கள் செய்யக்கூடியதில் மிகப் பயனுள்ளது இதுதான்.

மூட்டு வலியும் அப்படித்தான். சொரியாசிஸ் உள்ளவர்களில் பத்தில் மூன்று பேர் வரை மூட்டு அழற்சியும் வரலாம். காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்க நேரமாவது, குதிகால் வலி, ஒரு விரல் மட்டும் முழுவதும் வீங்குவது, இதெல்லாம் அறிகுறி. நம்மவர்கள் தோல் மருத்துவரிடம் தோலைப் பற்றி மட்டும்தான் பேசுவார்கள். மூட்டு வலி வயதானதால் வந்தது என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருப்பார்கள். கவனிக்காமல் விட்டால் மூட்டு நிரந்தரமாகக் கெட்டுவிடும். துணைக்குப் போகிறவர் “கை கால் வலியையும் சொல்லிவிடுங்கள் அம்மா” என்று நினைவுபடுத்தினால் போதும்.

அடுத்தது பணம். இதைப் பேசத் தயங்குகிறவரால் சிங்கப்பூரில் நோயாளிக்குப் பெரிதாக உதவ முடியாது.

தேசிய தோல் நிலையம் 1988இல் மண்டலே ரோட்டில் தொடங்கியது. அதற்கு முன் மிடில் ரோடு மருத்துவமனை. அங்கே பலதுறை மருந்தகத்திலிருந்தோ, சாஸ் என்ற அரசு உதவித் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருந்தகத்திலிருந்தோ பரிந்துரைக் கடிதத்தோடு போனால் உதவித்தொகைக் கட்டணத்தில் பார்க்கலாம். அவசரப்பட்டு நேராகப் போய்ப் பதிந்துகொண்டால் தனியார் நோயாளிக் கணக்கு. இந்த ஒரு விவரம் தெரியாமல் முழுக் கட்டணம் கட்டிவிட்டுப் பாதியில் சிகிச்சையை நிறுத்தியவர்களை நிறையப் பார்க்கலாம். பிறகு மாற்றிக்கொள்ள வழி உண்டு, மருத்துவ சமூக சேவகரைப் பார்க்க வேண்டியிருக்கும். கையில் காசு இல்லை என்றால், வசதி இல்லாதவர்களுக்கான அரசு உதவி நிதியான மெடிஃபண்ட் பற்றியும் அவரிடமே கேட்கலாம். கேட்பது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கும் பெரியவர்களை அந்த நாற்காலிவரை கொண்டுபோய் உட்கார வைப்பதும் இந்த வேலையில் சேர்த்திதான்.

மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கு விஷயம் இன்னும் சுவாரசியம். நாள்பட்ட நோய்களுக்கான நிர்வாகத் திட்டத்தில் சொரியாசிஸ் 2015இல் சேர்க்கப்பட்டது. அதனால் வெளிநோயாளிச் சிகிச்சைக்கு மெடிசேவிலிருந்து எடுக்க முடியும். 2021இல் ஆண்டு வரம்பு 500 வெள்ளி, சிக்கலான நிலைக்கு 700 வெள்ளி என்று வைத்தார்கள், கட்டணத்தில் 15 விழுக்காட்டை ரொக்கமாகக் கட்ட வேண்டும். இத்தகைய வரம்புகள் அவ்வப்போது மாறும். யாருக்குச் சொல்வதானாலும் அன்றைய நிலவரத்தைச் சுகாதார அமைச்சின் தளத்தில் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். நான் சொல்ல வந்தது வேறு. 2023 அக்டோபரில் அந்தப் பட்டியலில் கீல்வாதம் எனப்படும் கௌட், ஒவ்வாமை மூக்கழற்சி, நாள்பட்ட ஹெப்படைட்டிஸ் பி மூன்றும் சேர்ந்து மொத்தம் 23 நோய்கள் ஆயின. அப்போதும் எக்ஸிமா அதில் வரவில்லை. சொரியாசிஸைவிடப் பல மடங்கு பேருக்கு இருக்கும் நோய் அது, குழந்தைகளை வாட்டுவது. ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. ஏன் என்று கேட்கவும், உள்ளே கொண்டுவர வாதாடவும் ஆள் வேண்டும். அட்வகேட் என்றால் அந்த ஆள்.

மருந்து விலை விஷயத்தில் இதைவிட நேரான வாசல் ஒன்று இருக்கிறது. சுகாதார அமைச்சு 2015இல் ஏஸ் என்ற அமைப்பை உருவாக்கியது. ஒரு புது மருந்து கொடுக்கும் பலன் அதன் விலைக்குத் தகுமா என்று ஆராய்ந்து, உதவித்தொகைப் பட்டியலில் சேர்க்கலாமா என்று முடிவெடுக்க உதவுவது அதன் பணி. நோயாளிகளிடமும் நோயாளி அமைப்புகளிடமும் எழுத்துமூலம் கருத்துக் கேட்கிறார்கள். நோயோடு வாழ்வது எப்படி இருக்கிறது, இப்போதுள்ள மருந்தில் என்ன நன்மை, என்ன தொல்லை, புது மருந்திடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்பது போன்ற கேள்விகள்தான். ‘இந்த மருந்து மிக நல்லது, தயவுசெய்து கொடுங்கள்’ என்று எழுதினால் படிப்பவருக்கு அதில் ஒன்றும் இல்லை. ‘ஒளிச்சிகிச்சைக்கு வாரம் இரண்டு மூன்று முறை வர வேண்டும், ஷிப்டு வேலை பார்க்கும் பாதுகாவலரால் முடியவில்லை, பாதியில் விட்டுவிட்டார்’ என்று எழுதினால் அது மருத்துவ ஆய்வுக் கட்டுரையில் கிடைக்காத தகவல். நம் சமூகத்தில் பாதுகாப்புப் பணியிலும் கப்பல் பட்டறையிலும் இருப்பவர்கள் எத்தனை பேர்! அவர்கள் ஆங்கிலத்தில் படிவம் நிரப்ப மாட்டார்கள். நீங்கள் தமிழில் கேட்டு, அவர்கள் அனுமதியோடு, அவர்கள் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதிக் கொடுக்கலாம்.

மருத்துவ விவரம் எவ்வளவு தெரிய வேண்டும்? மருந்து எழுதிக் கொடுக்கும் அளவுக்குத் தெரிய வேண்டியதில்லை, ஆபத்தை அடையாளம் காணும் அளவுக்குத் தெரிய வேண்டும். மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். சொரியாசிஸுக்கு அது வாரம் ஒரு முறை. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. “தினமும் ஒன்று போடுகிறேன்” என்று யாராவது சொன்னால் அங்கே ஆலோசனை சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அதேபோல ஊரிலிருந்து வரும் ஸ்டீராய்டு மாத்திரை. போட்டதும் தோல் பளபளவென்று ஆகும், நிறுத்தியதும் முன்பைவிட மோசமாகத் திரும்பும், சிலருக்கு உடலெங்கும் சிவந்து சீழ்க் கொப்புளம்வரை போய்விடும். ‘முழுக்க மூலிகை, பக்கவிளைவே இல்லை’ என்று இணையத்தில் விற்ற களிம்புகளில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருந்ததாகச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. வேப்பிலையையும் தேங்காய் எண்ணெயையும் நான் குறை சொல்லவில்லை. எண்ணெய் தோலின் வறட்சியைக் குறைக்கும். ஆனால் மூன்றே நாளில் சொரியாசிஸை ‘வேரோடு’ எடுக்கும் டப்பாவில் என்ன இருக்கிறது என்று சந்தேகப்படப் பழகுங்கள். இது நோயெதிர்ப்பு மண்டலம் தூண்டப்படுவதால் வரும் நோய். அடக்கலாம், பல ஆண்டுகள் அமைதியாக வைத்திருக்கலாம், முற்றாகத் தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை.

ஊசி மருந்து தொடங்குமுன் காசநோய், ஹெப்படைட்டிஸ் பரிசோதனை செய்வார்கள். உங்களுக்கும் செய்திருப்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களில் பலர் காசநோய் என்ற பெயரைக் கேட்டதுமே பயந்து, வேலை அனுமதி போய்விடுமோ என்று ஊசியே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள். உடலில் கிருமி தூங்கிக்கொண்டிருப்பது வேறு, நோயாகி மற்றவருக்குத் தொற்றுவது வேறு. இதைப் பதற்றமில்லாமல் தமிழில் விளக்க ஒரு ஆள் இருந்தால் பாதிப் பயம் போய்விடும்.

தோல் நிறம் பற்றியும் சொல்ல வேண்டும். துண்டுப் பிரசுரங்களில் வெள்ளைத் தோலில் செக்கச்செவேல் என்ற திட்டுகளைப் பார்த்துப் பழகியிருப்போம். நம் கருத்த தோலில் அது ஊதாவாக, பழுப்பாக, சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். அதனால் பூஞ்சைப் படை என்று நினைத்து வருடக்கணக்கில் பூஞ்சைக் களிம்பு போட்டவர்கள் உண்டு. அப்புறம், நோய் அடங்கிய பிறகும் கருமையான தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்று பலர் நிறுத்துவது இந்தக் கட்டத்தில்தான். தடவிப் பார்த்தால் வழவழப்பாக இருக்கிறதா, செதில் இல்லையா, அப்படியானால் நோய் அடங்கிவிட்டது, நிறம் மெதுவாகத் திரும்பும். தமிழில் ஒரு துண்டுப் பிரசுரம் தயாரிக்கும் வாய்ப்பு வந்தால், நம் தோலில் எடுத்த படங்களைப் போடச் சொல்லிப் பிடிவாதம் பிடியுங்கள். படம் கொடுப்பவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், முகம், மச்சம், பச்சைகுத்து எதுவும் தெரியக் கூடாது.

தைப்பூசம் நெருங்கும்போது ஒரு கேள்வி கட்டாயம் வரும்: அலகு குத்திக்கொள்ளலாமா? சொரியாசிஸ் உள்ளவர்களுக்குத் தோலில் காயம் பட்ட இடத்தில் புதிதாகத் திட்டு வரலாம். கோப்னர் விளைவு என்பார்கள், 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய மருத்துவர் ஒருவர் கவனித்துச் சொன்னது. சொறிவது, பச்சை குத்துவது, அலகு எல்லாமே காயம்தான். எல்லாருக்கும் வரும் என்றில்லை, நோய் கொதித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் வாய்ப்பு அதிகம். நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்தில் இருப்பவருக்குக் கிருமித் தொற்று என்ற கவலை கூடுதலாக உண்டு. இதை வைத்து ஒருவரிடம் “போகாதே” என்று நான் சொல்வதில்லை. பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை நடப்பது அவருக்கும் முருகனுக்கும் இடையிலான விஷயம். விவரத்தைச் சொல்வேன், மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்கச் சொல்வேன், பால்குடம் எடுத்தாலும் நேர்த்திக்கடன்தான் என்று லேசாகச் சொல்லிப் பார்ப்பேன். முடிவு அவருடையது. ஆங்கிலத்தில் மட்டும் இயங்கும் ஆதரவுக் குழுவில் இந்தக் கேள்வியை யாரும் கேட்கமாட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். தமிழில் ஒரு ஆள் இருப்பதன் பயன் இங்கேதான் தெரிகிறது.

வெளிநாட்டு ஊழியர்களை மறந்துவிடாதீர்கள். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவருக்கு முதலாளி வாங்க வேண்டிய மருத்துவக் காப்புறுதி 2023 ஜூலை முதல் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் அது மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கும் பகல்நேர அறுவை சிகிச்சைக்கும் உரியது. மாதாமாதம் களிம்பும் மாத்திரையும் வாங்கும் தோல் நோயாளிக்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஊழியரின் மருத்துவச் செலவுக்கு முதலாளி பொறுப்பு என்று வேலை அனுமதி நிபந்தனையில் இருக்கிறது, ஆனால் அதைச் சொல்லிக் கேட்கும் துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்? இன்னொன்று: சிமெண்டில் உள்ள குரோமியத்தால் கட்டுமான ஊழியர்களின் கையில் வரும் அழற்சி தொழில்சார் தோல் நோய். அது வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் வரக்கூடியது. அதைச் சொரியாசிஸ் என்றோ ‘சொறி’ என்றோ தள்ளிவிட்டால் ஊழியருக்கு நட்டம். கையில் மட்டும் இருக்கிறதா, விடுமுறையில் ஊருக்குப் போனால் குறைகிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால் மருத்துவரிடம் அதை அப்படியே சொல்லச் சொல்லுங்கள்.

உள்ளூர் வேலையிடம் பற்றிச் சுருக்கமாக. வேலையிட நியாயச் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஜனவரியில் நிறைவேற்றியது. வயது, இனம், பாலினம், உடற்குறை, மனநலப் பிரச்சினை என்று பாதுகாக்கப்படும் அம்சங்களின் பட்டியல் அதில் உண்டு. தோல் நோய் என்று பெயர் சொல்லி இல்லை. 25 பேருக்கும் குறைவான ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கும் உண்டு. உணவங்காடியில் தட்டு எடுப்பவரைக் கையில் செதில் இருக்கிறது என்று நிறுத்தினால், சட்டத்தைக் காட்டுவதைவிட ‘இது தொற்றாது’ என்ற மருத்துவரின் கடிதம் விரைவாக வேலை செய்யும். கடிதத்தைக் கேட்டு வாங்கக் கற்றுக்கொடுங்கள்.

மருந்து நிறுவனங்கள் உங்களைத் தேடி வரும், சந்தேகமே வேண்டாம். இளைஞர், நன்றாகப் பேசுகிறார், ஊசியால் குணம் கண்டவர். நல்ல ஹோட்டலில் கூட்டம், மரியாதையாக நடத்துவார்கள். நோயாளி அமைப்புகளுக்கு அவர்கள் பணத்தில் நல்ல காரியங்களும் நடக்கின்றன, அதனால் ஒரேயடியாக ஒதுங்கச் சொல்லமாட்டேன். ஆனால் மருத்துவர் சீட்டில்லாமல் வாங்க முடியாத மருந்தைப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்ய இங்கே அனுமதி இல்லை. ‘இந்த ஊசிதான் என்னைக் காப்பாற்றியது’ என்று பெயர் சொல்லிப் பதிவிடும்போது நீங்கள் அறியாமலே விளம்பரப் பலகை ஆகிவிடுகிறீர்கள். பணமோ பயணச் செலவோ வாங்கியிருந்தால் எங்கே பேசினாலும் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். மேலும், அதே ஊசி அடுத்தவருக்கு ஒத்துவராமல் போகலாம். டிஎன்எஃப், ஐஎல்-17, ஐஎல்-23 என்று உடலில் அழற்சியைத் தூண்டும் வெவ்வேறு புரதங்களைக் குறிவைக்கும் மருந்துகள் இருப்பதே அதனால்தான்.

புதுச் சங்கம் தொடங்கும் ஆசை வரும். சிங்கப்பூரில் சங்கம் பதிய 10 பேர் இருந்தால் போதும், கஷ்டமில்லை. தொடங்காதீர்கள். சிங்கப்பூர் சொரியாசிஸ் சங்கம் ஏற்கெனவே இருக்கிறது. அதில் சேர்ந்து, தமிழ் பேசுபவர்களுக்கு நான் இருக்கிறேன் என்று சொல்லுங்கள். கணக்கு, ஆண்டுக்கூட்டம், தணிக்கை என்று உங்கள் சக்தி போவதைவிட அது மேல். வெளியே போய்ப் பேச சமூக மன்றங்களின் இந்தியர் நற்பணிச் செயற்குழு, கோயில் மண்டபம், ஒலி 96.8, தமிழ் முரசு என்று வழிகள் இருக்கின்றன.

சங்கங்கள் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். சொரியாசிஸ் சங்கங்களின் அனைத்துலகக் கூட்டமைப்பு 1971இல் தொடங்கியது. அவர்களும் மருத்துவர்களும் பல ஆண்டு நாடு நாடாகப் பேசியதில், 2014 மே மாதம் உலகச் சுகாதார மன்றம் சொரியாசிஸ் பற்றித் தனித் தீர்மானம் நிறைவேற்றியது. 2016இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிக்கை வந்தது. 2025 மே மாதம் தோல் நோய்கள் அனைத்துக்குமாக இன்னொரு தீர்மானம். ஏட்டில்தானே இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் அமைச்சுக்கு ஒரு கடிதம் எழுதும்போது, ‘அழகுப் பிரச்சினை’ என்று யாரும் தள்ளிவிட முடியாதபடி மேற்கோள் காட்ட அந்த ஏடு உதவுகிறது.

இப்போது அம்மா விஷயம். அவரோடு வாதாடாதீர்கள். பெண் பார்க்க வருபவர்கள் குடும்பத்தில் என்னென்ன நோய் என்று விசாரிப்பது நம்மிடையே நடப்பதுதான், அவர் கற்பனையாகப் பயப்படவில்லை. உண்மைக் கணக்கைச் சொல்லலாம்: பெற்றோரில் ஒருவருக்கு சொரியாசிஸ் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ பத்தில் ஒன்று என்பார்கள். அண்ணனுக்கு இருக்கிறது என்பதால் தங்கைக்கோ அவள் பிள்ளைக்கோ வந்தே தீரும் என்றில்லை. ஆனாலும் இதில் உங்கள் கொள்கைக்காகத் தங்கையை முன்னே தள்ளுவது நியாயமில்லை. அவளிடமே கேளுங்கள், இதில் கருத்துச் சொல்ல வேண்டியவள் அவள்தான். அவள் வேண்டாம் என்றால் முகம், பெயர் எதுவும் இல்லாமல் செய்யக்கூடிய வேலை மேலே நான் சொன்னதில் முக்கால்வாசி. மருத்துவமனைத் துணை, படிவம், தொலைபேசிப் பேச்சு, பிரசுரம் திருத்துவது. பத்திரிகையில் படம் வராது, அவ்வளவுதான். இணையத்தில் ஒரு முறை போட்ட படத்தைத் திரும்ப எடுக்க முடியாது என்பதால், அவள் சரி என்று சொன்னாலும் அவசரம் வேண்டாம் என்பதே என் கருத்து.

கடைசியாக உங்கள் உடம்பு. இந்த நோய்க்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு உண்டு, மன உளைச்சல் நோயைக் கிளப்பவும் செய்யும். வாட்ஸ்அப்பில் நள்ளிரவில் படம் அனுப்பி “இது என்ன?” என்று கேட்பார்கள். இத்தனை மணிக்கு மேல் பதில் இல்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். படத்தைப் பார்த்து நோய் சொல்லாதீர்கள், அந்தப் படத்தைக் கைபேசியில் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். ஒருவர் வாழவே பிடிக்கவில்லை என்ற தொனியில் பேசினால், தனியாகச் சமாளிக்கப் பார்க்காமல் 1767 எண்ணைக் கொடுங்கள், தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ்ஸின் 24 மணி நேர எண் அது. அவர் அழைக்கும்வரை கூடவே இருங்கள். உங்களுக்கே நோய் கிளம்பிய மாதங்களில் யாருக்கும் துணைக்குப் போக வேண்டாம், சங்கத்தில் சொல்லி வேறு ஆளை அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த முறை உங்கள் சொந்தப் பரிசோதனைக்குப் போகும்போது, தாதியிடம் தமிழ் பேசும் நோயாளிகளுக்கு உதவத் தயார் என்று சொல்லிவிட்டு வாருங்கள். எண்ணைக் கொடுத்தால் அவர்களே கூப்பிடுவார்கள்.